சாளரத்தில் நின்றவன்



கடந்த சனிக்கிழமை மாலைச் செபமாலைக்கு நான் வராததைச் சிலர் கவனித்திருப்பீர்கள். "பாதர் பலெர்மோவுக்குப் பாலே பார்க்கப் போய்விட்டார்" என்று கேள்விப்பட்டு, அதைப் பகடி என்று எண்ணியவர்களும் உண்டு. பகடியன்று, உண்மையே. ஏன் போனேன் என்பதை உங்கள் எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தந்தை என்னிடம் வந்தார். அவருடைய பதினொரு வயது மகள் இங்கே ஒரு சிறிய பள்ளியில் பாலே பழகிக்கொண்டிருந்தாள். "தொடரலாமா, பாதர்?" என்று கேட்டார். அந்நாள்வரை நான் ஒரு பாலேயைக்கூடப் பார்த்ததில்லை. ஆயினும் தயங்காமல் மறுமொழி சொன்னேன்: "நம் பெண்பிள்ளைகளுக்கு அது ஒத்துவராது. படிப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம்." அடுத்த வாரமே பிள்ளை நிறுத்தப்பட்டாள். நான் அதை மறந்தும் போனேன்.

இன்று அவளுக்கு இருபது வயது. தாதியர் கல்வி பயில்கிறாள். அவள் பாலேயை விட்டாலும் பாலே அவளை விடவில்லை. பகுதிநேர வேலையில் சேர்க்கும் சிறு பணத்தில், பலெர்மோவில் பாலே நடக்கும்போதெல்லாம் போய்ப் பார்த்து வருகிறாளாம். சென்ற மாதம் என்னிடம் வந்து, "தங்கச்சிக்கு எட்டு வயசு, பாதர். அவளும் பழக ஆசைப்படுறாள். அப்பா திரும்ப உங்களைத்தான் கேட்பார். அதுக்கு முதல் நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ" என்றாள். கோபமில்லாத அந்தக் குரலே என்னை அசைத்தது. அவளுடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள்.

தாயும் இரு பிள்ளைகளும் நானுமாகப் புகையிரதம் ஏறினோம். பலெர்மோவுக்குக் கால்மணி நேரம்கூட ஆகாத பயணம். ஒரு காலத்தில் எலுமிச்சைத் தோட்டங்களால் நிறைந்திருந்த நிலத்தின் மிச்சத்தைக் கடந்து, கடலை வலப்பக்கம் காட்டிக்கொண்டு வண்டி ஓடியது. தொலைவில் பெல்லெக்ரினோ மலை தெரிந்ததும் தாய் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். புனித ரொசலியாவின் குகைக்கு நம் மக்கள், இந்துச் சகோதரர்களும் உட்பட, எத்தனை முறை நடந்து ஏறியிருக்கிறார்கள்! அந்த மலையை அறிந்த அளவுக்கு, அதன் அடிவாரத்து நகரத்தின் பெரிய அரங்கை நாம் அறியோம். அதன் படிகளில் அமர்ந்து இளைப்பாறியிருப்போம். உள்ளே போனவர்கள் சிலரே.

அந்த அரங்கு தெயாத்ரோ மாசிமோ. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு, இடையில் பல ஆண்டுகள் வேலை நின்று, 1897இல் திறக்கப்பட்டது. ஜொவான் பத்தீஸ்தா பசீலே வரைந்ததை அவர் மறைவுக்குப் பின் மகன் எர்னெஸ்தோ நிறைவு செய்தார். இத்தாலியிலேயே மிகப் பெரிய இசைநாடக அரங்கு இதுவே. இதற்கு இடம் தர அங்கிருந்த கோவில்களும் கன்னியர் மடமும் இடிக்கப்பட்டன. மடத்துக் கன்னியர் ஒருவரின் ஆவி அங்கே உலவுவதாகவும், நம்பாதவர்களை ஒரு படியில் இடறச் செய்வதாகவும் ஊரார் கதை சொல்வார்கள். குருவானவனாயிற்றே என்று நான் சற்றுக் கவனமாகவே ஏறினேன்!

ஆனால் என்னை இடறச் செய்தது வேறொரு செய்தி. 1974இல் திருத்த வேலைக்கென்று இந்த அரங்கை மூடினார்கள். கொஞ்சக் காலத்துக்கு என்றுதான் எண்ணினார்கள். மீண்டும் திறந்தது 1997இல். இருபத்துமூன்று ஆண்டுகள்! அங்கே ஆட வேண்டிய ஒரு தலைமுறை ஆடாமலே முதிர்ந்துவிட்டது. "பிறகு பார்க்கலாம்" என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

மேல்தளத்தின் மலிவான இருக்கைகளில் அமர்ந்தோம். அன்று ஆடப்பட்டது 'ஜிசெல்'. 1841இல் பாரிசில் முதன்முதல் மேடையேறியபோது தலைமைப் பாத்திரத்தை ஆடியவர் கார்லோத்தா கிரிசி என்ற இத்தாலியப் பெண். கதை எளியது. ஜிசெல் நடனத்தை நேசிக்கும் கிராமத்துப் பெண். பிரபு ஒருவன் குடியானவன் வேடத்தில் வந்து அவள் அன்பைப் பெறுகிறான்; உண்மை வெளிப்பட்டதும் அவள் மனம் சிதறி இறக்கிறாள். ஆடினால் உனக்கு ஆபத்து என்று முன்னரே மகளைத் தடுக்கும் தாய் ஒருத்தியும் கதையில் வருகிறாள். அந்தக் காட்சியில் பிள்ளை என் பக்கம் சாய்ந்து, "அது நீங்கள்தான், பாதர்" என்று மெல்லச் சொன்னாள். சிரித்தேன்; ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது.

இரண்டாம் பகுதி நள்ளிரவுக் கல்லறை. காதலில் ஏமாற்றப்பட்டு இறந்த பெண்களின் ஆவிகள், கையில் அகப்படும் ஆடவரைச் சாகும்வரை ஆடவைக்கின்றன. ஏமாற்றியவனும் அகப்படுகிறான். ஜிசெலோ பழிவாங்கவில்லை. தன் கல்லறைச் சிலுவையின் நிழலுக்கு அவனை அழைத்துச் செல்கிறாள். அவன் தளரும்போதெல்லாம் தானும் ஆடி அவனைத் தாங்குகிறாள். விடியற்காலை மணி ஒலிக்க, ஆவிகள் மறைகின்றன. அவன் பிழைக்கிறான்.

அன்பர்களே, ஜிசெலைக் கொன்றது நடனமன்று, பொய். அவனைக் காத்ததோ நடனம். மன்னிப்பைப் பற்றி எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஒரு சொல்லும் பேசாமல் மன்னிப்பு என்னவென்று காட்ட முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். விரல் நுனியில் அப்படி நிற்பதற்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பயிற்சியும் வலியும் இருக்கின்றன என்று பிள்ளை சொல்லச் சொல்ல, குருமட வாழ்வின் ஒழுங்கே என் நினைவுக்கு வந்தது.

இது அந்நியக் கலை என்று நினைக்கிறீர்களா? இத்தாலியரான என்ரிக்கோ செக்கெத்தியிடம் பயின்றவர் ரஷ்யாவின் அன்னா பாவ்லோவா. அந்தப் பாவ்லோவாவால் ஈர்க்கப்பட்டு முதலில் பாலே பழகி, அவருடைய தூண்டுதலால் நம் மரபுக் கலையின் பக்கம் திரும்பியவர் ருக்மிணி தேவி. 1936இல் சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவியவர் அவரே. நம் திருச்சபையும் கலைக்குப் புறம்பானதன்று. 1965இல் திருமறைக் கலாமன்றத்தைத் தோற்றுவித்த மரியசேவியர் அடிகளார் யாழ்ப்பாணத்துக் குருவானவர். ஏன், நாம் அன்றாடம் கடந்துபோகும் வில்லா பலகோனியாவை வரைந்த தொம்மாசோ நாப்போலியும் தொமினிக்கன் துறவியே. இவற்றில் சிலவற்றை அறிந்திருந்தும் அன்று நான் அப்படிச் சொன்னேன்.

ஆண்டவரின் பேழைக்கு முன் தாவீது தன் முழு வலிமையோடு ஆடியபோது, சாளரத்தின் வழியே பார்த்து மீக்கால் அவரை உள்ளத்தில் இகழ்ந்தாள். அந்தப் பகுதியைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். சாளரத்தில் நான் நிற்பதை மட்டும் காணவில்லை.

இரவு அவர்கள் உறவினர் வீட்டிலும் நான் குருமார் இல்லத்திலும் தங்கி, ஞாயிறு காலை வண்டியில் திரும்பினோம். நான் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, பாதர்" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனா எனக்கு இனி ஏலாது. கால் அந்த வயசிலயே பழகோணும்" என்றாள். எதிரே சின்னவள் ஆசனத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டியின் ஆட்டத்தில் விரல் நுனியில் நிற்க முயன்றுகொண்டிருந்தாள்.

திருப்பலி முடிந்ததும் தந்தை வந்தார். நான் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். "பழகட்டும்" என்றேன். அவர் திகைத்து, "போனமுறை நீங்கள்..." என்று இழுத்தார்.

"போனமுறை நான் பிழையாகச் சொன்னேன்."

அவர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு மூத்தவள் நின்ற பக்கம் நடந்து போனார். தந்தையும் மகளும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பெற்றோரே, என் பழைய சொல்லை நம்பி உங்கள் வீட்டிலும் ஏதேனும் ஒரு கதவு மூடப்பட்டிருந்தால், என்னிடம் மீண்டும் வாருங்கள். இம்முறை பார்த்துவிட்டு மறுமொழி சொல்வேன்.

இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.

உங்கள் பங்குத்தந்தை