பாலின் வர்ணம்

பால்கோவாவினால் பெயர்பெற்று, 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்டையிலுள்ள எங்கள் கூமாப்பட்டியில், பாலின் கொழுப்பைப் பற்றி யாரும் யாருக்கும் உபதேசிக்க வேண்டியதில்லை. ஆயினும் பாக்கெட் பால் என்று வந்துவிட்டால், கறக்கும் கையைக் காணாத நாமும் வர்ணத்தை நம்பித்தான் வாங்குகிறோம்.

நீலமென்றால் 3 சதவீதம், பச்சையென்றால் 4.5, ஆரஞ்சென்றால் 6 என்று கொழுப்பின் அளவை ஆவின் வர்ணத்தினாலேயே உணர்த்திவந்த ஏற்பாடு, எழுத்தறியாத பாட்டியும் "பச்சை ஒண்ணு குடுப்பா" என்று கேட்டு வாங்கும் அளவுக்குச் சகஜமாகிவிட்ட நிலையில், 2023 நவம்பரில் பச்சைக்குப் பதிலாக 3.5 சதவீதக் கொழுப்புள்ள ஊதாநிற டிலைட்டை, அதே லிட்டர் 44 ரூபாய் விலையில் கொண்டுவர அந்நிறுவனம் முற்பட்டபோது எழுந்த ஆட்சேபம், வெறும் பழக்கதோஷத்தால் விளைந்ததன்று. அரை லிட்டருக்குச் சுமார் 5 கிராம் கொழுப்பு குறைகிறதே என்ற நியாயமான கணக்கும் அதில் இருந்தது. டீக்கடைக்காரருக்கு அந்த 5 கிராம்தான் டீயின் திடம்.

சரக்கு மாறாமலே ஜனங்கள் மயங்கியதும் உண்டு. 2011-இல் கோகோ கோலா, துருவக் கரடிகளின் பாதுகாப்பை முன்னிட்டுத் தன் சிவப்பு டப்பாவை வெள்ளையாக்கியபோது, அதை டயட் கோக் என்று எண்ணி ஏமாந்தவர்களும், சுவையே மாறிவிட்டதென்று சாதித்தவர்களும் அமெரிக்காவில் இருந்தனர்; சில வாரங்களிலேயே சிவப்பு திரும்பியது.

விற்பவருக்கு வர்ணம் அலங்காரமாக இருக்கலாம். அதிகாலை அரையிருட்டில் கடைவாசலில் நிற்பவருக்கோ அது தரத்தைச் சொல்லும் முத்திரை. மாற்றுவது அவசியமாயின், பழையதையும் புதியதையும் சில மாதம் அருகருகே வைத்து, கொழுப்பின் அளவை முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அதன்பின் மாற்றுவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் வீட்டில் இப்போது எந்த வர்ணம்?