பூஜ்ஜியம் காட்டிய போலரிமீட்டர்

உண்மையைச் சொல்லுங்க. லேப்ல வந்த ரீடிங்கை விட்டுட்டு, "வரவேண்டிய" ரீடிங்கை ரெக்கார்டுல எழுதியிருக்கீங்களா? நான் எழுதியிருக்கேன். மாட்டியும் இருக்கேன்.

மூன்றாம் வருஷம், ஆர்கானிக் லேப். அலனின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கணும். ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஸ்ட்ரெக்கர் 1850-லேயே இதைச் செய்துவிட்டார். அசிட்டால்டிஹைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு மூன்றையும் வினைபுரிய வைத்து, கிடைத்ததை அமிலத்தோடு சூடாக்கினால் அலனின் வரும். ஆனா சயனைடை ஸ்டூடன்ட்ஸ் கையில யார் கொடுப்பாங்க?

அதனால எங்களுக்கு வேறு வழி. 2-புரோமோ புரோப்பியானிக் அமிலத்தை அடர் அம்மோனியாவில் கலந்து, மூடி, ஃப்யூம் ஹூடில் சில நாள் வைக்கணும். அம்மோனியா புரோமினை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அம்மோனியா ஏகப்பட்டது வேணும். குறைந்தால், உருவான அலனினே மிச்சமிருக்கும் புரோமோ அமிலத்தோடு வினைபுரிய ஆரம்பிச்சிடும். பிறகு நீரை ஆவியாக்கி மெத்தனால் ஊற்றினால், கூடவே உருவான அம்மோனியம் புரோமைடு கரைந்து போகும். அலனின் வெள்ளைப் பொடியாகத் தங்கும்.

நின்ஹைட்ரின் டெஸ்ட் போட்டோம். அழகான ஊதா நிறம். செம சந்தோஷம். அடுத்து போலரிமீட்டர். பொடியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, டியூபில் ஊற்றிப் பார்த்தேன். பூஜ்ஜியம். டியூபைக் கழுவி மறுபடி பார்த்தேன். அப்பவும் பூஜ்ஜியம். புத்தகத்தில் அலனினுக்குச் சுமார் +14 என்று போட்டிருந்தது. சரி, மெஷின் போச்சு என்று நினைத்து, பின்னாலிருந்து கணக்குப் போட்டு, 14.2 வருகிற மாதிரி ஒரு கோணத்தை எழுதிட்டேன். சரியா 14 போட்டா சந்தேகம் வருமே!

வைவாவில் மேம் அந்தப் பக்கத்தைப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க: "உன் அலனின்ல எந்தக் கை வகைப்பா இருக்கு?"

நான் முழிச்சேன்.

விஷயம் இதுதான். இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் பார்க்க ஒரே மாதிரிதான், ஆனா ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது. அலனினும் அப்படித்தான்: எல், டி என்று இரண்டு வகை. ஒன்று ஒளியை வலப்பக்கம் எவ்வளவு திருப்புதோ, மற்றது அதே அளவு இடப்பக்கம் திருப்பும். நாங்க எடுத்த புரோமோ அமிலத்திலேயே இரண்டு வகையும் சரிபாதி. அப்போ அலனினும் சரிபாதிதான் வரும். இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்தால் ரீடிங் பூஜ்ஜியம். புத்தகத்தில் இருந்தது எல்-அலனினின் மதிப்பு. ஸ்ட்ரெக்கர் முறையில் செய்தாலும் இதே சரிபாதிக் கலவைதான்.

"நீ செஞ்சது சரி. எழுதினதுதான் தப்பு" என்றார் மேம். மார்க்கும் போச்சு.

அதுக்கப்புறம்தான் தேடிப் படிச்சேன். நம்ம உடம்பு புரதம் கட்ட எடுத்துக்கொள்வது எல் வகையைத்தான். அதனால கலவையைப் பிரிப்பதே பெரிய இன்ஜினியரிங் பிரச்சினை. 1969-ல் ஜப்பானின் தனாபே செய்யாகு நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. அமினோ அமிலத்தோடு அசிட்டைல் தொகுதியைச் சேர்த்து, அமினோஅசைலேஸ் என்ற என்சைமைப் பிணைத்து வைத்த காலம் வழியாக ஓடவிட்டார்கள். என்சைம் எல் வகையிலிருந்து மட்டும் அசிட்டைலை வெட்டும். மிஞ்சிய டி வகையைச் சூடாக்கி மறுபடி சரிபாதிக் கலவையாக்கி, திரும்ப உள்ளே அனுப்புவார்கள். பிணைத்த என்சைமைத் தொழிற்சாலையில் பயன்படுத்தியது அதுவே முதல் முறை.

யோசிச்சுப் பாருங்க, இந்தக் கதை முழுக்க அந்தப் பூஜ்ஜியத்துக்குள்ளதான் இருந்துச்சு. "ஏன் பூஜ்ஜியம்?" என்று அன்னைக்கே மேமிடம் கேட்டிருந்தா, அங்கேயே தெரிஞ்சிருக்கும். நான் 14.2 எழுதி அதை மூடிட்டேன்.

இப்போ ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல வரும் ரீடிங்கை, எவ்வளவு அசிங்கமா இருந்தாலும், வந்தபடியே எழுதறேன். பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. நீங்களும் அடுத்த லேப்ல அந்தக் கேள்விக்குறியைப் போட்டுப் பாருங்க.