ஒலி மாறவில்லை

ஒரகடத்தில் 2012 முதல் புதிய டீசல் லாரிகள் உருவாகின்றன. அதே சாலையில் எனது பழைய டீசல் ஜீப் குலுங்கி, இழுவை குன்றி ஊர்ந்தது. முதுமையே காரணமென்று எண்ணியிருந்தேன்.

மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, இன்ஜெக்டர்களுக்குச் செல்லும் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். மூன்று முறை எஞ்சின் தடுமாறியது. நான்காவதைத் தளர்த்தியபோது ஒலி மாறவில்லை. “இந்த சிலிண்டர்தான் வேலை செய்யல, ஃபாதர்” என்றார். இன்ஜெக்டர் முனையில் கரி அடைத்திருந்தது. அதை நீக்கிப் பொருத்தியதும் வண்டி சீராக ஓடிற்று.

அன்றிரவு ஒரு முகம் நினைவில் எழுந்தது. திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கும் அந்த ஒப்பந்தத் தொழிலாளி மூன்று மாதமாக வரவில்லை. அவரின்றியும் எங்கள் பாடலின் ஒலி மாறவில்லை.

எஞ்சினில் பழுது சிலிண்டரில் இருந்தது. பங்கிலோ மேய்ப்பனின் செவியில் இருந்தது. மறுநாள் அவரது அறையைத் தேடிச் சென்றேன்.