சாவி

பாகப் பிரிவினையில் வீடு அண்ணாவுக்குப் போயிற்று. எனக்குக் கொஞ்சம் பணமும் தாத்தாவின் கிராமபோன் பெட்டியும் வந்தன. அந்தப் பெட்டியை ஏழு வருஷம் பரண்மேல் போட்டுவிட்டு, போன ஆடியில்தான் திறந்தேன். சாவியைக் காணோம். கிராமபோனுக்குச் சாவி என்றால் பெட்டியின் பக்கத்தில் செருகித் திருகும் கைப்பிடி. அது அண்ணா வீட்டு அலமாரியில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசில் சாவி கொடுக்கும் உத்தியோகம் அவருடையது. நான் ஊசி டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆனால் அண்ணாவும் நானும் பேசி அதே ஏழு வருஷம் ஆகியிருந்தது.

கேட்பதைத் தள்ளிப்போட மராமத்து வேலை நல்ல சாக்காயிற்று. ஒலிப்பெட்டியில் தகட்டைப் பிடித்திருந்த ரப்பர் கல்லாய் இறுகியிருந்தது. சைக்கிள் வால்வு டியூபை வெட்டி அந்த இடத்தில் வைத்தேன். ஸ்பிரிங் டப்பாவுக்குள் கிரீஸ் கோந்தாகியிருந்தது. அவசரப்பட்டு நெம்பினேன், சுருளாகக் கிடந்த எஃகு நாடா பாம்பாகச் சீறி எழுந்து கட்டைவிரலைப் பதம் பார்த்தது. மஞ்சள் தூளோடு ஓடி வந்த என் மனைவி, "கதை எழுதற கைக்கு இதெல்லாம் வேணுமா?" என்றாள். நியாயமான விமரிசனம்தான்.

என்னை மயக்கியது வேகக் கட்டுப்பாடு. சின்னஞ்சிறு ஈயக் குண்டுகள் மூன்று, சுழலச் சுழல வெளியே விரிகின்றன. விரியும்போது ஒரு வட்டத் தகட்டை இழுத்துத் தோல் துண்டின்மேல் உரசவைக்கின்றன. வேகம் மிஞ்சினால் அதுவே தன்னை அடக்கிக்கொள்கிறது. மனிதர்களில் இந்த ஏற்பாடு இல்லை.

எல்லாம் பூட்டியாயிற்று. ஓட்டிப் பார்க்கச் சாவி வேண்டுமே! மூர் மார்க்கெட் 1985-ல் எரியாமல் இருந்திருந்தால் அங்கே ஒன்று தேடி எடுத்துக் கௌரவத்தைக் காப்பாற்றியிருப்பேன். வேறு வழியில்லாமல் டெலிபோன் செய்தேன்.

"அண்ணா, சாவி வேணும்."

வெகு நேரம் பேச்சில்லை. "வீட்டுச் சாவியா?" என்றார். குரல் நடுங்கிற்று. வழக்குப் போடப் போகிறேன் என்று நினைத்துவிட்டார் போலும்.

"ஐயோ, கிராமபோன் சாவி!"

ஞாயிற்றுக்கிழமை அவரே கொண்டுவந்தார். இசைத்தட்டின் அடியில் துண்டுக் காகிதம் செருகி, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினோம். நிமிஷத்துக்கு 78 சுற்று வரவேண்டும், 71 வந்தது. திருகைத் திருப்பித் திருப்பிச் சரி செய்தோம். பிறகு கிட்டப்பா. 1933-ல் இருபத்தேழு வயசில் போய்விட்ட மனுஷர், அரக்குத் தட்டின் கரகரப்புக்கு நடுவே மேல்ஸ்தாயியில் நின்றார். மூன்று நிமிஷந்தான். தட்டு முடிந்ததும் நான் மறுபக்கம் திருப்பிப் போட்டேன்.

"ஊசியை மாத்துடா, அப்பா திட்டுவார்" என்றார் அண்ணா.

அப்பா போய் எட்டு வருஷம் ஆகிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஊசி டப்பாவைத் தேடினோம்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, பழைய பழக்கத்தில், சாவியைக் கழற்றித் தம் பையில் போட்டுக்கொண்டார். நான் கேட்கவில்லை.