நாமளும் பாட்டு பாடணுமாம்மா?

டிசம்பர் பிறந்துவிட்டால் தாம்பரம் பக்கம் யாரும் சீக்கிரம் தூங்க முடியாது. ராத்திரி 11 மணிக்கு மேல் தெருமுனையில் கிடார் சத்தம் கேட்கும். கேரல் ரவுண்ட்ஸ்! ஒரு வேன், அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருபது முப்பது பேர், கூடவே வியர்த்து வழியும் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. சென்னையில் பனி பெய்யாவிட்டாலும் அந்தப் பஞ்சுத் தாடிக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது. பாட்டு முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு சாக்லேட், பெரியவர்களிடமிருந்து ஒரு காணிக்கை கவர். அடுத்த வீடு.

1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. தென் மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்களும் இங்கேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டன. அதனால் கிறிஸ்துமஸ் என்றால் கிழக்குத் தாம்பரம், சேலையூர், கேம்ப் ரோடு எல்லாம் நட்சத்திரம்தான். மேற்கே சண்முகம் சாலையில் நடக்க இடம் இருக்காது.

இது முடிச்சூரில் இருக்கும் அப்படி ஒரு குடும்பத்தின் கதை. சொந்த ஊர் நாசரேத். அப்பா, அம்மா, ஆச்சி, இரண்டாம் வகுப்பு படிக்கும் பெரியவள், மூன்று வயதுச் சின்னவன். கதை தொடங்கும் வருடம் 2014.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் டிசம்பருக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. முதலில் குடில். 1223-ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில், அசிசியின் பிரான்சிஸ் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி வைத்து மாட்டுத்தொழுவக் காட்சியைக் காட்டினாராம். அது ஊர் ஊராகப் பரவி முடிச்சூர் வரைக்கும் வந்திருக்கிறது. நம் ஊரில் குடிலுக்குப் பச்சைப் புல் வேண்டும் என்றால், பத்து நாளைக்கு முன்னாலேயே கொட்டாங்கச்சியில் மண் போட்டுக் கேழ்வரகு தூவி விடுவார்கள். முளைப்பாரி மாதிரி. தினமும் தண்ணீர் தெளிப்பது சின்னவன் வேலை. செடிக்குப் பாதி, அவன் சட்டைக்குப் பாதி.

அடுத்தது பலகாரம். அச்சு முறுக்கு, அதிரசம், ஆச்சியின் கைப்பக்குவத்தில் முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி; உள்ளே இருப்பது வறுத்த பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும். மாவு சூடாக இருக்கும்போதே உருண்டை பிடிக்க வேண்டும் என்பதால் வீட்டில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனையும் வந்து உட்கார வேண்டும். பிறகு தட்டுகளில் அடுக்கித் துணி மூடி அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அனுப்புவார்கள். கொண்டுபோவது எப்போதும் பிள்ளைகள்தான். தீபாவளிக்கு அங்கிருந்து வரும் தட்டும் வெறும் தட்டாக வராது.

இதெல்லாம் வீட்டுக்குள். வெளியே ஏதாவது "சேவை" செய்ய வேண்டாமா? பிள்ளைகளுக்கு இப்போதே பழக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அந்த வருடம் டிசம்பர் 25 மதியம், ஒரு பெரிய கேக், நாலு பை பழைய துணி, ஒரு கேமரா சகிதம் எல்லோரும் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் போனார்கள்.

அங்கே ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன. கேக்கும் அன்றைக்கு மூன்றாவது கேக். பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று, கைகட்டி, ஒரு பாட்டுப் பாடி, நன்றி சொன்னார்கள். அப்பா போட்டோ எடுத்தார். அரை மணி நேரத்தில் கிளம்பியாயிற்று.

பைக்கில் திரும்பி வரும்போது பெரியவள் கேட்டாள்.

"ஏம்மா அவங்க நமக்குப் பாட்டு பாடுனாங்க? கேரல்ஸ்ல போறவங்கதானே பாடணும்?"

அம்மாவிடம் பதில் இல்லை. "தேங்க்ஸ் சொல்றாங்க பாப்பா" என்று மட்டும் சொன்னாள். அது சரியான பதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

அடுத்த வருடம் 2015. சென்னையின் தென்புறத்தில் இருப்பவர்களுக்கு அந்த வருடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முடிச்சூரில் நவம்பர் நடுவிலேயே ஒருமுறை தண்ணீர் புகுந்துவிட்டது. வடிந்து, கழுவி, மூச்சு விடுவதற்குள் டிசம்பர் 1. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. எல்லோரும் செம்பரம்பாக்கத்தைச் சொல்வார்கள். ஆனால் அந்த ஏரித் தண்ணீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேருகிறது. அதற்கு மேலே இருக்கும் முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர்.

அவர்கள் இருந்தது தரைத்தள வாடகை வீடு. ராத்திரியோடு ராத்திரியாக மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் வீட்டுக்கு ஏறினார்கள். அப்பா கேஸ் சிலிண்டரையும் ரேஷன் கார்டையும் தூக்கினார். அம்மா சின்னவனைத் தூக்கினாள். பெரியவள் யாரும் சொல்லாமலே தன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

இரண்டு நாள் கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, பால் இல்லை. மூன்றாம் நாள் இடுப்பளவு தண்ணீரில் நான்கைந்து பையன்கள் வந்தார்கள். பக்கத்துத் தெருப் பள்ளிவாசலைச் சேர்ந்தவர்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் சாப்பாட்டுப் பொட்டலங்களை மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"மேல எத்தனை பேர்? குழந்தை இருக்கா?"

ஆச்சி தயங்கினார். "நமக்கு வேண்டாம்ய்யா, இல்லாதவங்களுக்குக் குடுங்க. கொடுத்துப் பழகின கை இது" என்றார். சொன்னாரே தவிர வீட்டில் அன்றைக்குப் பிஸ்கட் பாக்கெட் ஒன்றுதான் பாக்கி. அம்மா படியிறங்கிப் போய் ஏழு பொட்டலம் வாங்கினாள். தக்காளி சாதம்.

அப்போதுதான் பெரியவள் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"நாமளும் பாட்டு பாடணுமாம்மா?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒன்றும் புரியாவிட்டாலும் கீழே நின்ற பையன்தான் பதில் சொன்னான். "அதெல்லாம் வேணாம் பாப்பா, ஆறிடும், சாப்பிடு." சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு டிரம்மைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். போட்டோவும் எடுக்கவில்லை.

போன வருடக் கேள்விக்கு அம்மாவுக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. கொடுத்த சாப்பாட்டை வாங்கிச் சாப்பிடுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அதற்குக் கைகட்டி நின்று பாட வேண்டியிருந்தால் அந்தத் தக்காளி சாதம் தொண்டையில் இறங்கியிருக்காது.

தண்ணீர் வடிந்தது. சுவரில் நெஞ்சளவு உயரத்தில் சேற்றுக்கோடு. குடில் பொம்மைகளில் மிஞ்சியது ஒரே ஒரு ஒட்டகம். வெளி மாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் தெருத்தெருவாக அழுகிய மெத்தைகளையும் சேற்றையும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. நனைந்து போன பாடப் புத்தகங்களுக்குப் பதில் அரசு புதுப் புத்தகம் கொடுத்தது. சரி, நோட்டில் எழுதி வைத்ததை யார் கொடுப்பது?

இங்கேதான் அந்தப் புத்தகப் பை வருகிறது. தெருவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் நோட்டு தப்பியது அவளுக்கு மட்டும்தான். முதல் நாள் ஒருத்தி வந்து திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனாள். மறுநாள் நாலு பேர். ஒரு நோட்டை நாலு பேர் எப்படிப் பார்த்து எழுதுவது? பெரியவள் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள், அவர்கள் எழுதினார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை முழுக்க இதுதான் நடந்தது. வேகமாக வாசித்தாள் என்று சண்டை, எழுத்துப் பிழை என்று சண்டை, நடுவில் ஆச்சி கொடுக்கும் முந்திரிக்கொத்துக்குச் சண்டை. இதை ஒருவரும் சேவை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த டிசம்பரில் அந்த வீட்டில் நடந்த உருப்படியான சேவை அதுதான். எட்டு வயதுப் பெண் தன்னிடம் இருந்ததை, தன்னால் முடிந்ததை, தன் சோட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

அந்த வருடம் புதுத்துணி இல்லை. விடியற்காலை ஆராதனை முடிந்து வந்ததும் ஆச்சி முதல் தட்டைப் பெரியவள் கையில் கொடுத்துப் பள்ளிவாசல் பையன்களைத் தேடி அனுப்பினார். இரண்டாவது தட்டு தெருவைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்களுக்கு. "சும்மா நீட்டிட்டு ஓடி வரக்கூடாது. நாற்காலி போடு, பேரு என்னன்னு கேளு" என்று சொல்லி அனுப்பினார். சின்னவன் தன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனான். ஒரு அம்மா அதில் எப்படியோ உட்கார்ந்து டீ குடித்தார். அவரும் பதிலுக்கு அவன் பெயரைக் கேட்டார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கிறிஸ்துமஸ் கொஞ்சம் மாறியது. சிறு பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் அவர்கள் பின்பற்றுவது சுருக்கமாக:

1. போகும் முன் கேட்பது. தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை 1928-இல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. 1937-இல் அரசிடம் போனது. அங்கே ஏதாவது செய்யலாம் என்று பேச்சு வந்தபோது அப்பா முதலில் போய் விசாரித்தார். கேக் வேண்டாம், சோப்பும் தேங்காய் எண்ணெயும் போதும் என்றார்கள். நோய்த்தொற்று உள்ள வார்டுக்குச் சிறு பிள்ளைகளை அழைத்துப் போகக்கூடாது. ஆகவே பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து பை பையாகப் போட்டார்கள், அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார்.

2. வயதுக்கு ஏற்ற வேலை. மூன்று வயதுக்கு நாற்காலி இழுப்பது, எண்ணிப் போடுவது. ஆறு வயதுக்குப் பெயர் எழுதுவது. எட்டு வயதுக்கு மேல் தானே யோசிக்கவிட்டுவிடலாம். பெரியவர்கள் எல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் பிள்ளை கையால் "கொடுக்க வைப்பது" நாடகம்தான்.

3. பழையதில் கிழிந்ததைக் கொடுப்பதில்லை. தன் பிள்ளைக்குப் போடுவோமா என்பதுதான் அளவுகோல்.

4. போட்டோ இல்லை. இதில் சட்டமும் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் படத்தையோ விவரத்தையோ வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் கவனிக்க!

5. பிப்ரவரியில் ஒருமுறை. டிசம்பர் 25 அன்று காப்பகத்துக்கு மூன்று கேக் வரும். பிப்ரவரியில் ஒன்றும் வராது. அதனால் இவர்கள் அந்தக் காப்பகத்துக்கு இப்போது பிப்ரவரியில்தான் போகிறார்கள். போனால் பெரியவள் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போடுவாள், சின்னவன் கிரிக்கெட் ஆடி அவுட் ஆகிச் சண்டை போடுவான். யாரும் யாருக்கும் பாடுவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மறுபடியும் தண்ணீர். இந்த முறை அவர்கள் இருந்தது இரண்டாவது மாடி. வீட்டில் கேஸ் இருந்தது, அரிசி இருந்தது. எழுபதைத் தாண்டிய ஆச்சி உட்கார்ந்துகொண்டே வெங்காயம் நறுக்கினார். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த பெரியவள் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுக்காரர்கள் ஒதுங்கியிருந்த முதல் மாடிக்குப் போனாள். பின்னால் வந்த சின்னவன் பழக்கதோஷத்தில் செல்போனைத் தூக்கினான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.

இந்த டிசம்பரில் உங்கள் வீட்டிலும் குடில் கட்டுவீர்கள், நட்சத்திரம் மாட்டுவீர்கள், பிள்ளைகளை எங்காவது அழைத்துப் போவீர்கள். கட்டாயம் போங்கள். போகும்போது ஒன்றே ஒன்று மட்டும்: வாங்குகிற இடத்தில் நாம் நின்றிருந்தால் எப்படி வாங்க ஆசைப்படுவோமோ, அப்படிக் கொடுக்கச் சொல்லிக் கொடுங்கள். அடையாற்றங்கரைக்காரர்களுக்கு அந்த இடம் ரொம்ப தூரத்தில் இல்லை என்பது தெரியும்.