கொல்லாத மருந்து

எங்கள் வீடு அப்பாவின் இருமலோடுதான் விடியும். ஐந்தரை மணிக்குக் குளியலறையில் தொடங்கினால், சளி வெளியேறி முடிய இருபது நிமிடமாகும். தோட்டத்தில் இருந்த காலத்தில் அவருக்குக் காசநோய் வந்தது. நோய் குணமானாலும் மூச்சுக்குழாய்கள் விரிந்தது விரிந்தபடியே நின்றுவிட்டன. பிராங்கியெக்டாசிஸ் என்பார்கள். அங்கே தேங்கிய சளியில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியேறியிருந்தது.

நிபுணர் அஸித்ரோமைசின் எழுதிக் கொடுத்தார். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள். நான் இணையத்தில் தேடினேன். இந்த மருந்து சூடோமோனாஸைக் கொல்லாது என்றே பார்த்த இடமெல்லாம் இருந்தது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பொறியியல் பட்டம் எனக்குத் தைரியம் கொடுத்தது.

"டாக்டர் தெரியாம கொடுத்துட்டாங்கப்பா, நிறுத்திடுங்க."

அப்பா மறுகேள்வி கேட்கவில்லை. "நீ படிச்சவன். சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சலும் பச்சைச் சளியுமாக வார்டில் படுத்திருந்தார். "மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டீங்களா அங்கிள்?" என்று டாக்டர் கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பாமல், "நான்தான் மறந்துட்டேன் டாக்டர்" என்றார்.

அந்தப் பொய்யை என்னால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். "நிறுத்தினதாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்ல முடியாது. ஆனா என்னைக் கேட்டிருக்கணும்" என்றார். பிறகு, "கொல்றதுக்காக அத கொடுக்கல" என்று விளக்கத் தொடங்கினார்.

ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையின் குளிரூட்டும் கோபுரங்களைப் பராமரிப்பதுதான் என் வேலை. தண்ணீர் ஓடும் குழாயின் உட்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் பிடிக்கும். அதுதான் பயோஃபில்ம். குளோரின் போட்டால் மேலே இருப்பவை சாகும். அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். தினமும் கையால் தொட்டுப் பார்த்த சங்கதி அது. அதுவே அப்பாவின் நெஞ்சுக்குள்ளும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பாக்டீரியா தன் கூட்டம் பெருகியதை வேதிச் சமிக்ஞைகளால் ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்கிறது. பிறகு ஆல்ஜினேட் போன்ற பிசினைச் சுரந்து படலம் கட்டுகிறது. மேக்ரோலைடு மருந்துகள் குறைந்த அளவிலேயே அந்தப் பேச்சையும் பிசின் சுரப்பையும் தடுப்பதைச் சோதனைக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். கூடவே, கிருமியோடு போராடுகிறேன் என்று மூச்சுக்குழாயையே புண்ணாக்கும் நம் உடலின் அழற்சியையும் அவை தணிக்கின்றன.

இது முதலில் ஜப்பானில் தெரியவந்தது. அங்கே டிஃப்யூஸ் பான்பிராங்கியோலைட்டிஸ் என்றொரு நுரையீரல் நோய் உண்டு. 1970களில் அது வந்தவர்களில் ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் நூற்றுக்கு 63 பேர்தான். 1980களில் ஷோஜி குடோவும் அவர் குழுவினரும் எரித்ரோமைசினைக் குறைந்த அளவில் நீண்ட நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 1985க்குப் பிறகு அந்த எண்ணிக்கை 90ஐத் தாண்டியது. சளியில் சூடோமோனாஸ் அப்படியே இருந்தும் பலர் தேறினார்கள். அப்பாவுக்கு இருக்கும் நோயில், நியூசிலாந்தில் 141 பேரிடம் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. வாரம் மூன்று முறை அஸித்ரோமைசின் எடுத்தவர்களுக்கு நோய் முற்றிப் படுப்பது வெகுவாகக் குறைந்திருந்தது.

இந்த மருந்துக்கும் விலை உண்டு. காது மந்தமாகலாம், இதயத் துடிப்பின் லயம் மாறலாம், மற்ற கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போகலாம். அதனால்தான் தொடங்கும் முன்பே அப்பாவுக்கு இசிஜி எடுத்து, காசநோயின் உறவுக்காரக் கிருமி ஏதும் இருக்கிறதா என்று சளியையும் சோதித்திருந்தார்கள். எல்லாம் கோப்பில் இருந்தது. நான்தான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

அப்பா வீடு திரும்பிவிட்டார். இருமல் நிற்கவில்லை, இருபது நிமிடம் பத்தாகியிருக்கிறது. வார்டில் சொன்ன பொய்யைப் பற்றி இருவரும் பேசியதில்லை. காலையில் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இப்போதும் என்னைத்தான் கேட்கிறார்:

"இன்னிக்குப் புதன்தானேடா? சாப்பிடலாமா?"