வேரடி மண்

இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவில் கோடைகாலத் தொண்டர்களுக்குப் பூக்கள் கிடைக்கும். குளிர்காலத் தொண்டர்களுக்குக் கிடைப்பது மண். ஓய்வுபெற்ற பின்னர் நான் தேர்ந்துகொண்டது குளிர்காலத்தை. உதிர்ந்த இலைகளை வாருவதும், உக்கிய உரத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுசென்று மரங்களின் கீழ் வட்டமாகப் பரப்புவதுமே வேலை. அடிமரத்தில் உரம் படக்கூடாது. பட்டால் ஈரத்தில் பட்டை அழுகும்.

இவ்வேலைக்குப் பின்னால் ஒரு புயலின் கதை உண்டு. 1987 ஒக்டோபர் 16 அதிகாலையில் தென் இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயலில் கியூவில் ஏறத்தாழ 700 மரங்கள் வீழ்ந்தன. 1798இல் நடப்பட்ட 'டேர்னர் ஓக்' மரத்தைக் காற்று வேரோடு தூக்கி, மீண்டும் அதே குழியில் இருத்திவிட்டுச் சென்றது. முன்னரே நலிந்திருந்த மரம் அது. பிழைக்காது என்றெண்ணி, முட்டுக்கொடுத்துவிட்டு மற்ற மரங்களைக் கவனிக்கச் சென்றார்கள். மூன்றாண்டுகளின் பின் வந்து பார்த்தபோது அது செழித்து நின்றது.

காரணம் மண்தான். பார்வையாளர் பல்லாண்டுகளாக மிதித்து இறுகிய மண்ணில் வேர்களுக்குக் காற்றும் நீரும் எட்டவில்லை. புயல் உலுக்கியதில் மண் நெகிழ்ந்தது. அதன்பின், முதிய மரங்களைச் சுற்றி அழுத்தக்காற்றைச் செலுத்தி மண்ணைத் தளர்த்தும் வழக்கம் அங்கு வந்தது. நாங்கள் பரப்பும் உரவட்டம் மனிதக் கால்களை விலக்கி வைக்கிறது; மண்புழுக்களை வரவழைக்கிறது.

இக்கதையைக் கேட்ட நம்மவர் சிலர், வேர் பிடுங்கப்பட்டதால் நாமும் தழைத்தோம் என்று உவமை சொல்வதுண்டு. அதே ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் போர் மூண்டது. 10ஆம் திகதி இரண்டு நாளிதழ்களின் அச்சகங்கள் தகர்க்கப்பட்டன. பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு அந்த மாதம் மறக்கக்கூடியதன்று. ஆகவே அவ்வுவமையை என்னால் ஏற்க இயலவில்லை. பிழைத்த ஒரு மரத்தைப் பற்றிப் பேசுகையில், வீழ்ந்த 700 மரங்கள் பேச்சிலிருந்து மறைந்துவிடுகின்றன. மேலும், அந்த மரம் திரும்ப விழுந்தது தன் சொந்தக் குழியில்.

அம்மரம் எனக்கு நினைவூட்டுவது ஊரிலேயே நின்றுவிட்டவர்களை. புயலுக்கு முன் எத்தனையோ ஆண்டுகள் அது நின்ற இடத்திலேயே மூச்சுத்திணறியது. நிமிர்ந்து நின்றபடியால் குறையின் காரணம் எவர் கண்ணிலும் படவில்லை. நிற்பவர்கள் நலமாயிருக்கிறார்கள் என்றே தொலைவிலிருந்து நாமும் எண்ணிக்கொள்கிறோம். அவர்களுடைய வேரடி மண்ணைப் பார்ப்பதற்கு இன்னொரு புயல் வரவேண்டுமா? ஒரு தள்ளுவண்டி உரம் பெரிய காரியமன்று. ஆனால் ஆண்டுதோறும் போடவேண்டும்.